கதைக்க வைக்கிற இடம்

எனக்குப் பெரிய குரல். நூலகத்துக்கு ஆகாத குரல் என்று எங்கள் நூலகர் ஐயா, நான் வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையே சொல்லிவிட்டார். குற்றம் அப்பாவுடையது. தண்ணீர் இறைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்த தோட்டக்காரர் அவர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோதே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. சோறு போடவா என்று கேட்பதற்கும் எங்கள் வீட்டில் கத்தத்தான் வேண்டும். ஒழுங்கையால் போகிறவர்கள் இந்த வீட்டில் எந்த நேரமும் சண்டை என்று நினைத்திருப்பார்கள். சண்டையும் நடந்ததுதான், ஆனால் அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை.

நூலகம் மருதனார்மடத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பட்டினத்தில், சந்தைக்குப் பின்னால் இருந்தது. மூன்று அறைகள். முன்னறையில் பேப்பர் மேசையும் அதன் இரண்டு பக்கமும் இருந்து வாசிக்க நீட்டு மர வாங்குகளும். நடு அறையில் புத்தக அலுமாரிகள். பின்னறை சிறுவர் பகுதி. மழை பெய்தால் முதலில் ஒழுகுவதும் அதுதான். யுத்தம் திரும்பத் தொடங்கிய தொண்ணூறாம் ஆண்டிலிருந்து மின்சாரம் இல்லாதபடியால் இருட்ட முன்பே பூட்டிவிடுவோம். தாளுக்கும் தட்டுப்பாடு; பேப்பர் ஒருநாள் கோடு போட்ட கொப்பித் தாளில் வரும், இன்னொரு நாள் மண்ணிறத் தாளில் வரும். எந்தத் தாளில் வந்தாலும் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் இழுத்து வாசிக்கிற கிழவர்கள் ஆறேழு பேர் காலையிலேயே வந்து வாங்கை நிரப்பிவிடுவார்கள். அவர்களை அடக்க என்னுடைய குரல் தேவைப்பட்டது என்பதை ஐயா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

புத்தகம் இரவல் கொடுப்பது எங்கள் வேலையில் கால்வாசிதான். புதன்கிழமை காலையில் சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். நிவாரண அட்டை, தொலைந்த அடையாள அட்டை, பள்ளிக்கூட மாற்றம் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படிவம். வெங்காயம் நடுகிற காலத்தில் விவசாயப் பிரசுரங்களைக் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். புரட்டாதி, ஐப்பசியில் வாணி விழா வரும், அவலும் கடலையும் வரும், அவற்றுக்காகவே வருகிறவர்களும் வருவார்கள். மாரியில் ஒழுக்குக்குச் சட்டி வைப்பதும் ஆண்டுதோறும் நடந்தது. அதையும் நிகழ்ச்சி நிரலில் போடலாம் என்று நான் சொன்னேன். ஐயா சிரிக்கவில்லை. ஓகஸ்ட் விடுமுறையில் சனிக்கிழமை தோறும் சிறுவர் கதை நேரம். அதற்கு ஐயா என்னைப் போட்டார்.

"உம்மடை தொண்டைக்கு ஏற்ற வேலை," என்றார்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீல மையால் கொட்டை எழுத்தில் எழுதிச் சந்தைப் பக்கச் சுவரில் ஒட்டினேன். "சிறுவர் கதை நேரம். சனிக்கிழமை காலை பத்து மணி. எல்லோரும் வரலாம்." அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முதற் சனிக்கிழமை, பின்னறையில் பதினைந்து பிள்ளைகளை இருத்தி நான் நரிக்கதை தொடங்குகிற நேரத்தில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். சந்தையில் மீன் விற்கிறவர். குருநகர்ப் பக்கம். கரையில் ஷெல் விழத் தொடங்கியபின் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, எங்கள் பட்டினத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் மற்றக் குடும்பங்களோடு இருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். விலை கூப்பிடும்போது அவருடைய குரல் சந்தையைத் தாண்டி எங்கள் அலுமாரிகள் வரை வரும். குரலில் எனக்குப் போட்டி என்று அந்தப் பட்டினத்தில் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். பனையோலையில் பின்னிய மீன் கடகத்தை வெளியே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளையைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"ரீச்சர், இஞ்சைதானே பிள்ளையளைக் கதைக்க வைக்கிற இடம்?"

நான் பள்ளிக்கூட ரீச்சர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"இவள் கதைக்கிறாள் இல்லை. எங்கடை வீட்டடியிலை ஷெல் விழுந்த நாளிலை இருந்து பயந்துபோனாள். அதுக்கு முந்தியும் ரண்டு மூண்டு சொல்லுத்தான். நூல் கட்டிப் பாத்தம். கோயில்லை நேத்தி வைச்சம். சுவரிலை உங்கடை நோட்டீசைப் பாத்தன், பிள்ளையளுக்குக் கதை நேரம் எண்டு கிடந்தது. அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

எங்கள் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை, கதைப்போம். பேசினால் அது ஏச்சு. ஆகவே கதை நேரம் என்றால் கதைக்கிற நேரம். சிறுவர் கதை நேரம் என்றால் சிறுவரைக் கதைக்க வைக்கிற நேரம். அந்த அக்கா வாசித்ததில் பிழை ஒன்றும் இல்லை. எழுதிய எனக்குத்தான் அப்படி ஒரு அர்த்தம் இருப்பது தோன்றவில்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு இந்த நியாயமெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இது நரிக்கதை சொல்கிற இடம், வைத்தியம் செய்கிற இடமில்லை என்று சொல்லப் போனேன்.

நடு அறையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. "ஓம், இதுதான் இடம். பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ. பன்ரண்டு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம்."

அந்த அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று பிள்ளைகள் போனபின் நான் ஐயாவோடு சண்டைக்குப் போனேன்.

"பொய் சொல்லிப்போட்டியள். அந்த மனுசி நம்பிக்கொண்டு போகுது."

"எங்கை பொய் சொன்னனான்? இஞ்சை வந்தால் பிள்ளையள் வாய் மூடுறேல்லை எண்டு நீர்தானே ஒவ்வொரு நாளும் முறைப்பாடு சொல்லுறனீர்," என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

இந்த மனிதரோடு நான் வாதத்தில் வென்ற நாள் இல்லை.

அந்தச் சின்னவள் அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். யன்னலடியில் இருப்பாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. மற்றப் பிள்ளைகள் கத்துவார்கள், என்னுடைய மடியில் ஏறுவார்கள், கதைக்குள் புகுந்து நரியைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். இவள் வெளியே சந்தைக்கு வருகிற வண்டில்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்க்கும்போது மட்டும் என் வாயையே பார்ப்பாள். நான் எது கேட்டாலும் தலையை ஆட்டுவாள். பயந்த பிள்ளை, ஆனால் மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஒரு விளையாட்டுச் செய்தேன். ஒவ்வொருவரிடமும் போய் ஏறுக்குமாறாக ஏதாவது கேட்பது. அவளிடம் வந்து, சாதாரணக் குரலில், "உங்களுக்கு வால் இருக்கோ?" என்றேன். தலையை ஆட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நேற்று நீங்கள் யானையைத் தின்றனீங்களோ?" அதற்கும் ஆட்டினாள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள், ஆனால் எல்லோருக்கும் பிறகு.

இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இந்தத் தலையாட்டலும் தெரியும். எங்கள் அப்பா இப்படித்தான். கலியாண வீடுகளில் யார் என்ன சொன்னாலும் ஓம் ஓம் என்று ஆட்டி, மற்றவர்கள் சிரித்து முடிகிற நேரத்தில் தான் தொடங்குவார். நான் எழும்பி அவளுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். வண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் வீட்டில் கத்துகிற மாதிரிக் கத்தினேன். முன்னறையில் பேப்பர் விழுந்த சத்தம் கேட்டது. சின்னவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அந்த அக்கா வந்தார். இனிமேல் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை. சந்தைச் சனம் போய்வருகிற வாசலில் வைத்து, என்னுடைய அந்தக் குரலில், "அக்கா, உங்கடை பிள்ளைக்குப் பயம் ஒண்டுமில்லை, காது கேக்குதில்லை, செவிடு," என்று சொல்லிவிட்டேன். கண்டுபிடித்த அவசரம். எங்கள் வீட்டில் அது ஏச்சுச் சொல் இல்லை. அப்பாவே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

அவருடைய முகம் கறுத்தது. "ஆரைச் செவிடு எண்டுறியள்? பிளேன் வந்தால் முதல்லை பங்கருக்கை ஓடுறவள் இவள். காது கேளாத பிள்ளை ஓடுமோ?"

"மற்றவை ஓடுறதைப் பாத்து ஓடுறாள் அக்கா. நிலம் அதிருறது தெரியும்தானே."

"கதைக்க வைக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப பிள்ளைக்குப் பட்டம் வைக்கிறியள்," என்று சொல்லிச் சின்னவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்காமல் எப்படி இருக்க முடியும். "நீர் சொன்னது சரி. சொன்ன இடமும் சரியில்லை, சத்தமும் சரியில்லை," என்றார்.

நாலாவது சனிக்கிழமை சின்னவள் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமை பள்ளிக்கூடங்கள் தொடங்கின. சந்தையில் அந்த அக்காவின் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. பதினைந்து நாள் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். எங்கள் சைவச் சனம் வெள்ளிக்கிழமையில் மீன் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அந்த அக்கா உண்மையாகவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் பக்கத்தில் ஒரு பெட்டியில் இருந்து பனையோலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் அவர் எழும்பவில்லை, ஏசவும் இல்லை. நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொல்லத் தொடங்க முதல் அவரே சொன்னார்.

"ரண்டு கிழமையா ஒவ்வொரு நாள் விடியவும் பின்னாலை நிண்டு கூப்பிட்டுப் பாத்தனான் ரீச்சர். பேர் சொல்லிக் கூப்பிட்டன். தராசுத் தட்டைத் தட்டிப் பாத்தன். கறிச்சட்டியைக்கூடப் போட்டு உடைச்சன். சட்டிக்குத் திரும்பினாள். என்ரை குரலுக்குத் திரும்பேல்லை." மூக்கைச் சேலையில் துடைத்தார். "ரண்டு வயதிலை ஒரு காய்ச்சல் வந்தது. அதிலைதான் போட்டுதோ தெரியேல்லை. இவ்வளவு காலமும் நான் இவளுக்குச் சொன்னது ஒண்டும் இவளுக்குக் கேக்கேல்லை."

நான் அவருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த கடகத்தில் இருந்தேன். அன்று வீட்டுக்குப் போனபோது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மீன் மணக்கிறாய் என்று அம்மா வாசல் படலையிலேயே என்னை மறித்து முழுக அனுப்பினார்.

"அப்ப இனி இவள் கதைக்க மாட்டாளே?" என்று அந்த அக்கா கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று மெதுவான குரலில் நான் சொன்ன முதல் நாள் அது. பிறகு, "சட்டிச் சத்தத்துக்குத் திரும்பினாளெல்லே, என்ரை சத்தத்துக்கும் திரும்பினவள். அப்ப கொஞ்சம் கேக்குது. புதன்கிழமை வாங்கோ, படிவம் நிரப்புவம்," என்றேன்.

புதன்கிழமை வந்தார். ஐயா தானே இருந்து எழுதினார். பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், கிராம அலுவலருக்கு ஒன்று, தென்மராட்சிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன், சைக்கிளில் சின்னவளை முன்னால் வைத்துக்கொண்டு. முழுக்கப் போகவில்லை, பெரிய சத்தங்கள் கேட்கும், கருவி மாட்டிப் பழக்கினால் கதைக்கவும் கூடும் என்றார் டொக்டர். கூடும் என்ற அந்த ஒரு சொல்லை வழியெல்லாம் அந்த அக்கா என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டார். "கூடும் எண்டுதானே சொன்னவர்? ஏலாது எண்டு சொல்லேல்லைத்தானே?"

ஐப்பசியில் விஜயதசமி வந்தது. நூலகத்தில் வழக்கம்போல ஏடு தொடக்கினோம். கும்பம், பூ, தாம்பாளத்தில் பரப்பிய அரிசி. மூன்று வயதுக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தகப்பன்மார் வரிசையாக இருந்தார்கள். அந்த அக்கா வாசலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "நாங்கள் வேதக்காரர், மாதா கோயில் ஆக்கள். எங்கடை பிள்ளைக்கும் தொடக்கலாமோ?" என்று கேட்டார். வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். ஐயா அவரைப் பார்க்கவே இல்லை. சின்னவளைக் கூப்பிட்டு இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்தார். எழுதும்போது எழுத்தைச் சொல்லவேண்டும். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து அவளுடைய காதடியில் "ஆனா" என்று என் முழுத் தொண்டையாலும் சொன்னேன். மடியிலிருந்த குழந்தைகள் இரண்டு மூன்று வீரிட்டு அழுதன. சின்னவள் வாயை அகலத் திறந்தாள். சத்தம் வரவில்லை, ஆனால் வாய் சரியான வடிவத்தில் திறந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நெஞ்சில் வார் போட்டுக் கட்டுகிற ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அதைக் கொடுத்த ரீச்சரம்மா ஒரு கஷ்டத்தையும் சேர்த்துச் சொன்னார். பெட்டிக்குப் பென்ரோச் பற்றறி, விரலளவான மின்கலம், வேண்டும். யுத்தத்தால் பற்றறி யாழ்ப்பாணத்துக்கு வர அரசாங்கத் தடை. பள்ளிக்கூடத்தில் இருப்பது போதாது, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாரும் இயன்றதைத் தேடித் தரவேண்டும். பற்றறி இல்லாத நாளில் பெட்டி வெறும் பெட்டிதான்.

அந்தக் காலத்தில் பற்றறி கேட்பது என்பது பெரிய விசயம். ஒரு வீட்டில் ஒன்று இருந்தால் அது ரேடியோவுக்கு. செத்துப்போன பற்றறியையும் வெயிலில் காயவைத்து, மினுக்கம் வருகிறதா என்று பார்த்து, இன்னும் இரண்டு நாள் செய்தி கேட்கிற காலம். மீன்காரியின் பிள்ளைக்கு யார் தரப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். என் சனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. ஐயா விளம்பரப் பலகையில் எழுதச் சொன்னார், எழுதினேன். "காது கேளாத ஒரு சிறுமியின் கருவிக்குச் சின்னப் பற்றறிகள் தேவை. பாவித்தவை என்றாலும் நல்லது."

முதல் நாள் பின்னேரம், பேப்பர் மேசைக் கிழவர்களில் ஒருவர் வந்தார். தெருவேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். யாரோடும் நல்லதாக இரண்டு சொல் கதைக்காதவர். என்னுடைய சத்தத்தைப் பற்றிச் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தவரும் அவர்தான். மடித்த கடதாசி ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு பற்றறி.

"ரேடியோவுக்கு என்ன செய்வியள் ஐயா?" என்று கேட்டேன்.

"இஞ்சை பேப்பர் வருகுதுதானே," என்று சொல்லிவிட்டு வாங்கில் போய் இருந்தார்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். மீன் மணத்துக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தையைக் கடக்கிற ஒரு ஆச்சி, பொலித்தீனில் சுற்றிய ஒன்றை யார் தந்தது என்று சொல்லவேண்டாம் என்று சொல்லித் தந்தார். ஏடு தொடக்கிய அன்று முகம் சுளித்தவர் தன் மகளிடம் கொடுத்தனுப்பினார். வட்டுக்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் வந்தது. பாதி செத்தவைதான். நான் காலையில் பூட்டைத் திறந்ததும் அவற்றை யன்னல் கட்டையில் வெயில் படுகிற பக்கம் வரிசையாக அடுக்குவேன். ஐயா ஒரு ரோச் பல்ப்பையும் இரண்டு துண்டு வயரையும் வைத்து ஒவ்வொன்றாகப் பரீட்சை பார்ப்பார். மினுங்கியதை ஒரு பிஸ்கற் ரின்னில் போடுவோம். மாதம் ஒருமுறை மகளைப் பார்க்கப் போகும்போது அந்த அக்கா ரின்னைக் கொண்டுபோவார். மாரியில் வெயில் இல்லாதபோது நான் பற்றறிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு மேடையில் காயவைத்தேன். அம்மா, "நூலகத்திலை இதுவும் ஒரு வேலையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு, தூர தேசத்தில் கண்ணாடிக் கதவுகள் தானே திறக்கிற நூலகங்களைப் பார்க்கிறேன். அழகான இடங்கள். ஆனால் நூலகம் என்றால் எனக்கு இன்றைக்கும் பற்றறி காய்கிற அந்த யன்னல்தான். பிழையாக வாசிக்கப்பட்ட என்னுடைய நோட்டீசுக்கு நான் நன்றி சொல்கிறேன். அதைத் திருத்தவிடாத ஐயாவுக்கும், ரேடியோவை வாய்மூட வைத்துவிட்டுப் பேப்பருக்கு வந்து சண்டை பிடித்த கிழவர்களுக்கும், என்னைத் தொண்டைக்காரியாக வளர்த்த அப்பாவுக்கும் நன்றி சொல்கிறேன். அவர்களில் அநேகமானோர் இப்போது இல்லை. இருந்த காலத்தில் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

முதல் ஆண்டு விடுமுறைகளில் சின்னவள் வந்தபோது கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பா, மா என்று சத்தங்கள் மட்டும் போடுவாள். சொல் என்று ஒன்றும் இல்லை. அந்த அக்கா என் முகத்தைப் பார்ப்பார். கூடும் என்றுதானே சொன்னவர் என்று நான் சொல்வேன். சொல்லிவிட்டு உள்ளே போய், இந்தப் பிள்ளை கதைக்காமலே விட்டால் நான் இந்த மனுசிக்கு என்ன முகத்தைக் காட்டுவேன் என்று அலுமாரிகளுக்கிடையில் நின்று யோசிப்பேன்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறை. சனிக்கிழமை காலை கதை நேரத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் கிழவர்கள் மண்ணிறப் பேப்பரில் மூழ்கிப்போய் இருந்தார்கள். அந்த அக்கா சின்னவளோடு வந்தார். முந்தின நாள் பின்னேரம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்திருந்தார். சின்னவள் வளர்ந்திருந்தாள். நெஞ்சில் பெட்டி. உள்ளே கால் வைத்ததும் வாசலடியில் கிடந்த முதுகு சாயும் கதிரையைத் தொட்டாள்.

"கதிரை," என்றாள்.

ஏற்ற இறக்கம் இல்லாத, பெரிய குரல். நான் பாயைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"மேசை," என்றாள். "பேப்பர்." ஓவசியருக்கு முன்னால் போய் நின்று அவரைச் சுட்டிக்காட்டி, "தாத்தா," என்றாள். அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை, கால்களை மட்டும் உள்ளே இழுத்து அவளுக்கு வழிவிட்டார். "யன்னல். கதவு. புத்தகம். புத்தகம். புத்தகம்." அலுமாரியைச் சுற்றி வந்தாள். என்னைக் கண்டதும், "ரீச்சர்." ரகரம் சரியாக வரவில்லை. இதுவரை என்னை அப்படிக் கூப்பிட்ட எல்லோரையும் நான் ரீச்சர் இல்லை என்று திருத்தியிருக்கிறேன். அன்று திருத்தவில்லை.

அந்த அக்கா வாசலில் மீன் கடகத்தை இறக்கிக்கொண்டிருந்தார். களைத்துப்போயிருந்தார். "நேற்று வழி முழுக்கச் சைக்கிளிலை இதுதான் ரீச்சர். மாடு, மதவடி, பனை, வாய் ஓயேல்லை," என்றார். சொல்லிக்கொண்டே கடகத்துக்கு மேல் சாக்கை இழுத்து மூடினார்.

சின்னவள் ஐயாவின் மேசைக்கு வந்துவிட்டாள். "பேனை. கண்ணாடி. கண்ணாடி." ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். "பூட்டு. திறப்பு." குரல் இன்னும் ஏறியது. வாங்கில் இருந்த ஒருவர் தலையை நிமிர்த்தி அந்த அக்காவைப் பார்த்தார்.

அந்த அக்கா பதறிப்போய் இரண்டு எட்டில் உள்ளே வந்து, சின்னவளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, எந்தத் தாயும் எந்தப் பிள்ளைக்கும் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"ஐயோ, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இரு பிள்ளை. ஆக்கள் வாசிக்கினமெல்லே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. என்னைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கிழவர்கள் ஒதுங்கி இடம் விட, அவர்களுக்கு நடுவில் வாங்கில் பொத்தென்று இருந்தார். தோள் குலுங்கியது. சின்னவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாய்க்கு முன்னால் போய் நின்று விரலை நீட்டினாள்.

"வாங்கு," என்றாள். விரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அம்மா," என்றாள்.